நீ தலையாட்டிக் கேட்ட பக்கம்

நேற்று மழையில் கூரை ஒழுகியது. பரண்மேல் இருந்த சாமான்களை இறக்கி வைத்தபோது, பழைய துணி மூட்டைக்கு அடியில் அந்தப் புத்தகம் கிடைத்தது. பிரித்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. கையில் எடுத்ததுமே கிரீஸ் வாடை வந்தது. துறைமுகத்தில் நீ ஓட்டிய கிரேனின் கிரீஸ். நீ போன பிறகு உன் சட்டைகளை எல்லாம் கொடுத்துவிட்டேன். வாடை மட்டும் அந்தக் காகிதத்துக்குள் ஒளிந்துகொண்டு இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஜப்பான் சண்டை முடிந்து, குண்டுக்குப் பயந்து ஊரைக் காலி செய்து ஓடியவர்கள் எல்லாம் ராயபுரத்துக்குத் திரும்பி வந்துகொண்டிருந்த சமயம். வண்ணாரப்பேட்டையில் பழைய புத்தகம் விற்பவனிடமிருந்து அதை வாங்கி வந்தாய். முன்பக்கங்கள் கிழிந்து போயிருந்தன. அதன் பெயரும் எழுதியவர் பெயரும் நமக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஒரு வீட்டில் ஆணும் பெண்ணும் எப்படி வாழ வேண்டும் என்று சாதாரணப் பேச்சில் சொல்லும் புத்தகம். கிரேனில் உட்கார்ந்து, மூட்டை வரும்வரை படித்துக்கொண்டிருப்பாய். மாலையில் வீட்டுக்கு வந்து எனக்குப் படித்துக் காட்டுவாய். மற்றவர்கள் படித்துவிட்டு மூடி வைப்பார்கள். நீ படித்ததை மறுநாளே செய்து பார்க்கிறவன்.

முதலில் மாறியது சாப்பாடு. அதுவரை நீ சாப்பிட்டு எழுந்த பிறகு, மிச்சம் இருக்கும் குழம்பில் நான் சோற்றைப் பிசைந்து தின்பேன். என் அம்மாவும் அப்படித்தான். ஒரு நாள் வஞ்சிரக் குழம்பு வைத்திருந்தேன். உன் தட்டில் இருந்த நடுத்துண்டைப் பிய்த்து என் தட்டிலும், நம் மகள் கஸ்தூரியின் தட்டிலும் வைத்தாய். "குந்து அஞ்சலை. எங்கூட துன்னு" என்றாய். கடலுக்குப் போகிறவன் மகள் நான். மீன் ஆய்ந்து ஆய்ந்து கை மரத்துப்போனவள். நடுத்துண்டின் ருசி எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு உன் தட்டை நீயே கழுவத் தொடங்கினாய். தெருக்குழாயில் எல்லோரும் பார்க்கும்படி. எதிர்வீட்டுக்காரர் சிரித்தார்.

"இன்னா மாமு, பொண்டாட்டிக்கு ஒடம்பு சொகமில்லியா?"

"நல்லாத்தான் கீறா. துன்னது நானு, கழுவறதும் நானு."

நான் கதவுக்குப் பின்னால் வெட்கத்தில் நின்றேன். ஆனால் அது வெறும் வெட்கம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

புருஷனும் பெண்டாட்டியும் சிநேகிதர்களாக இருக்க வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. உன் பெயரைச் சொல் என்றாய். என் நாக்கு எழவில்லை. "சரி, பேரு வேணாம். தோஸ்துன்னு கூப்பிடு" என்றாய். அப்படித்தான் நீ எனக்குத் தோஸ்து ஆனாய். சர்ச் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்று, எழுத்தையே மறந்துபோயிருந்த நான், உன் விரல் போகிற வரியைப் பார்த்துப் பார்த்து மறுபடி படிக்கக் கற்றுக்கொண்டேன். கஸ்தூரி வளர்ந்ததும் அவள் படித்தாள், நாம் கேட்டோம். பள்ளிக்கூடத்தை முடித்து நர்ஸ் ஆக வேண்டும் என்றாள். "ஆயிடு" என்றாய் நீ, வேறெதுவும் யோசிக்காமல்.

அதையெல்லாம் நான் நம்பினேன். நம்பாமல் வேறு என்ன செய்திருப்பேன்?

அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். உன்னோடு வேலை செய்பவருக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று காலையில் புறப்பட்டுப் போனாய். சாயங்காலம் திரும்பி வந்து முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாய். கஸ்தூரி படித்தாள். பெண்ணைக் கேட்காமல் அவளுக்குக் கல்யாணம் பேசக் கூடாது என்று சொல்லும் பக்கம். நமக்கு ஏற்கெனவே தெரிந்த பக்கம்தான். அவளாகத் தேடி எடுத்துப் படித்தாள். வயதுக்கு வந்த பெண், மனதில் ஏதோ ஓடியிருக்கும். நீ தலையாட்டிக் கேட்டாய். "அப்டித்தான், அப்டித்தான்" என்றுகூடச் சொன்னாய்.

இரண்டு நாள் கழித்து உன் அக்கா திருவொற்றியூரிலிருந்து வந்தார். பூ, பழம், ஒரு சிவப்புப் புடவை. நான் ஒன்றும் புரியாமல் நின்றேன்.

"இன்னா அஞ்சலை, தெரியாத மாரி பாக்குறே? ஞாயித்துக்கெயமதான் உன் வூட்டுக்காரன் வந்து தட்டு மாத்திகினு போனானே. என் புள்ளைக்கு உன் பொண்ணுன்னு எப்பவோ பேசினதுதானே?"

தட்டு மாற்றிவிட்டு வந்த கையோடு நீ உட்கார்ந்து அந்தப் பக்கத்தைக் கேட்டிருக்கிறாய். உன் அக்காவுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

நீ வேலையிலிருந்து வந்ததும் கஸ்தூரிதான் முதலில் கேட்டாள்.

"நைனா, என்னை ஏன் கேக்கலே?"

"அக்கா வளத்த புள்ள நான். அவ கேட்டா நான் எப்டி இல்லேன்றது?"

"என்னைக் கேக்கணும்னு கீதே. நீயும் ஆமான்னியே."

நீ அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அது பொஸ்தகம் கஸ்தூரி. இது வாழ்க்கை."

நான் கேட்டேன், "அப்போ இத்தினி வருசம் நாம பண்ணதெல்லாம் இன்னா? அதுவும் பொஸ்தகந்தானா?" நீ சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனாய்.

நான் சும்மா இருக்கவில்லை. காசிமேட்டிலிருந்த என் அண்ணனிடம் போனேன். "அப்பன் முடிவு பண்ணா ஆச்சு, நீ யாரு நடுவுல?" என்றார். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியையிடம் போனேன். அந்த அம்மாள் வெயிலில் நம் வீடு தேடி வந்து, பெண் நன்றாகப் படிக்கிறாள், நிறுத்தாதீர்கள் என்று உன்னிடம் கெஞ்சினார். அவருக்கு நாற்காலி போட்டு, சோடா வாங்கிவரச் சொல்லி, ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினாய். அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. அடுத்த மாதம் கல்யாணம் நடந்தது.

கல்யாணம் முடிந்து நாம் இருவர் மட்டும் வீட்டுக்குத் திரும்பிய அன்று, சாப்பிட்டு முடித்து, எப்போதும் போலத் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போக எழுந்தாய். நான் உன் கையிலிருந்து அதை வாங்கினேன்.

"வுடுங்க. நான் கழுவறேன்."

"இன்னா அஞ்சலை புதுசா?"

"இதானே வாழ்க்கைன்னீங்க."

அன்றிலிருந்து ஊரில் உள்ள எல்லாப் பெண்டாட்டிகளையும் போல உனக்கு நான் இருந்தேன். நீ சாப்பிட்டு எழுந்த பிறகு சாப்பிட்டேன். நடுத்துண்டை உன் தட்டில் முழுதாக வைத்தேன். எது கேட்டாலும் "சரிங்க" என்றேன். குரலை உயர்த்தவில்லை, ஒரு வேளை சோறு தவறவில்லை. தெருவில் எல்லோரும், அஞ்சலைக்கு இப்போதுதான் குடித்தனம் பண்ணத் தெரிந்திருக்கிறது என்றார்கள். அது உனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். சோற்றை அளைந்துகொண்டு, நான் உட்கார மாட்டேனா என்று பார்ப்பாய். நான் சுவரோரமாக நின்றிருப்பேன்.

நெஞ்சுவலியோடு நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாய். "ஒரு தபா தோஸ்துன்னு கூப்பிடு" என்றாய். கஞ்சி ஆறுகிறது, குடியுங்கள் என்றேன். அதற்காக இன்றுவரை நான் வருந்தவில்லை. நீ என்னை அடித்திருந்தால் மன்னித்திருப்பேன். அடிக்காத ஒரு மனிதனை எனக்குக் காட்டி, அவனை நம்ப வைத்து, அவன் இல்லவே இல்லை என்று சொன்னாய்.

கஸ்தூரி நன்றாகத்தான் இருக்கிறாள். உன் அக்கா மகன் கெட்டவன் இல்லை. ஆனால் அவள் வீட்டில் ஒரு துண்டுக் காகிதம்கூடப் படிப்பதில்லை. போன பொங்கலுக்கு வந்தபோது, அந்தப் புத்தகம் பரணில் எங்கோ கிடக்கும், எடுத்துப் போகிறாயா என்று கேட்டேன். "வேணாம்மா. அத்தப் படிக்காம இருந்திருந்தா எனக்கு இவ்ளோ வலிச்சிருக்காது" என்றாள். எனக்கும் அதே வலிதான். பக்கத்து வீட்டுப் பெண்கள் தூசியாகத் தட்டிவிட்டுப் போகிற இடத்தில் எல்லாம் எனக்கு வலிக்கிறது. நீ விட்டுப்போனது அந்த வலியைத்தான்.

இப்போது தனியாக இருக்கிறேன். உன் அக்கா தன்னோடு வந்து இருக்கச் சொன்னார், மாட்டேன் என்றேன். வலை பின்னிக் கொடுக்கிறேன். பசித்தால் உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிடுகிறேன். கப்பலில் போன பிள்ளைகள் எழுதும் கடிதங்களைத் நம் தெருப் பெண்கள் கொண்டுவந்து என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள்.

அவர்களில் முனியம்மா என்று ஒருத்தி. காசிமேட்டில் மீன் விற்கிறவள். இன்று காலை மகன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் போகாமல் நின்றாள்.

"எக்கா, எனக்கும் படிக்கச் சொல்லிக் குடுக்கிறியா?"

எனக்குச் சுருக்கென்றது. "வேணாம் முனியம்மா. படிச்சா அப்பால எல்லாத்துக்கும் வலிக்கும்."

அவள் கூடையை இறக்கிக் கதவோரம் வைத்தாள். "இப்ப மட்டும் வலிக்காமலா கீது? எங்க வலிக்குதுன்னாவது தெரிஞ்சிக்கிறேன்."

நான் பாயில் தள்ளி உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டேன்.