வேகாத கயிறு

குஞ்சு,

இன்று காலை ஒரு முழக் கயிற்றை வெட்டிக் கொதிதண்ணீரில் போட்டுப் பார்த்தேன். மூன்று விரல் சுருங்கிவிட்டது. நீ நங்கூரத்துக்கு வெட்டி எடுத்த சுருளின் மிச்சம்தான். மூன்று வருஷமாக என் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது.

துறைமுகத்தடிக் கயிற்றுச்சாலையில் நான் போறணை அடுப்படியில் நின்றது உனக்குத் தெரியும். நைலோன் நூலைச் சூட்டுக்குள் இழுத்து, இழுத்த இழுவை விடாமல் ஆறவைக்க வேண்டும். அப்போதுதான் கடலில் நிற்கும். சூடு காணாத கயிறு கைக்கு மெத்தென்று இருக்கும், கொதிதண்ணீரில் போட்டால் சுருங்கும். பாரம் ஏறினால் நீண்டு நீண்டு அறும். போறணைக்கு டீசல் வராத அந்தக் கிழமை, மனேச்சர் போறணையை அணைத்துவிட்டு அப்படியே சுருள் கட்டச் சொன்னார்.

"ஐயா, இது வேகேல்லை."

"கயிறு என்ன அடுப்பில சுடுற பாணோ பிள்ளை, வெந்ததோ எண்டு பாக்க?"

எல்லாரும் சிரித்தார்கள்.

அதில் ஒரு சுருளைத்தான் நீ கடையில் வாங்கி வந்தாய். கண்டவுடனே சொன்னேன், "திருப்பிக் குடு குஞ்சு, இது கூடாது."

"சும்மா இரு அக்கா. கையைக் கடிக்காத கயிறு இப்பதான் கிடைச்சிருக்கு. பூனைக்குட்டி மாதிரிக் கிடக்கு, பார்" என்று என் கன்னத்தில் தேய்த்தாய். நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்கு என்னை நானே மன்னிக்கவில்லை.

சல்லி ஊர்க் கடலில் வாடைக்காற்று எழும்பிய அன்று கயிறு அறுந்தது. எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். தோணி தடைசெய்த கடலுக்குள் இழுபட்டுப் போக, நேவிக்காரர் உன்னைச் சுட்டார்கள்.

சுட்டவனை எனக்குத் தெரியாது. முகம் தெரியாதவனை எப்படித் திட்டுவது? மனேச்சரின் முகம் தெரியும். செத்தவீட்டுக்கு வந்து, "விதி பிள்ளை" என்றார். அன்றிலிருந்து விளக்கு வைக்கும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்டேன்: அவர் வீட்டிலும் சாப்பறை அடிக்க வேண்டும்.

நேற்றுப் பின்னேரம் அவரே வந்தார். கயிற்றுச்சாலை பூட்டி வருஷமாகிறது. நைலோன் கயிற்றைச் சோதனைச்சாவடி தாண்ட விடுகிறார்கள் இல்லை. அவருடைய மகன் இப்போது கடலுக்குப் போகிறான். நீ இருந்த கதிரையில் இருந்துகொண்டு கேட்டார்.

"பிள்ளை, உன்னட்ட பாதிச் சுருள் கிடக்காமே. மகன்ர தோணி நங்கூரத்துக்கு ஒண்டுமில்லை."

"ஓம் ஐயா, கிடக்கு. புதுசு மாதிரித்தான். நாளைக்கு வாங்கோ."

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு இனித்தது. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இரவல் கொடுத்ததைத் திரும்ப வாங்குகிற மாதிரி இருந்தது.

சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும் என்றுதான் கொதிதண்ணீரில் போட்டுப் பார்த்தேன். தெரிந்துவிட்டது. சுருளை எடுத்து வாசலில் வைத்திருக்கிறேன். நீ தேய்த்த மாதிரிக் கன்னத்தில் வைத்தும் பார்த்தேன். இன்னும் மெத்தென்றுதான் இருக்கிறது.

அவர் மகனுக்கும் உன் வயதுதானாம். படலை திறக்கிற சத்தம் கேட்கிறது.

கொடுக்கட்டுமா, குஞ்சு?