வெளியே போயிருக்கும் முதலாளி

மயிலாப்பூர்,
15 நவம்பர் 2025, சனிக்கிழமை

அன்புத் தோழி கைசர் ஜஹானுக்கு,

உனக்கும், மருமகள் ஃபிசாவுக்கும், நீங்கள் இருவரும் லெஸ்டரில் திறக்கப்போகும் கடைக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள். அறுபத்தொன்பது வயதில் கல்யாண உடைகளுக்கு ஜரிகை வேலை செய்துதரும் கடை. கான்வென்ட் தையல் வகுப்பில் வாரந்தவறாமல் வராந்தாவில் நிறுத்தப்பட்டவள்தான் இதை எழுதியிருக்கிறாளா என்று உன் கடித உறையைத் திருப்பி மறுபடி பெயரைப் பார்த்தேன்.

கடைக்கு மெயில் எப்படி எழுதுவது, ஆள் எப்படி எடுப்பது என்று கேட்டிருக்கிறாய். மெயிலைப் பற்றிய கேள்விக்குத் தாளில் பதிலா என்று சிரிக்காதே. காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

சப்ஜெக்ட் என்று இருக்கும் வரியை வெறுமையாக விடாதே. அங்கே வணக்கம் என்றும் எழுதாதே. 'நீல லெஹங்கா: சனிக்கிழமை அளவு பார்க்க வரவும்' என்று எழுது. பேருந்தில் நின்றுகொண்டு படிப்பவளுக்கும் அந்த வரியிலேயே விஷயம் புரிந்துவிட வேண்டும். ஒரு மெயிலுக்கு ஒரு விஷயம் போதும். இரண்டு கேட்டால் ஒன்றுக்குத்தான் பதில் வரும். யாராவது கோபமாக எழுதியிருந்தால் உடனே பதிலை எழுதிவை, ஆனால் அனுப்பாதே. மறுநாள் காலை வாய்விட்டுப் படித்துப் பார். பாதி வரிகளை நீயே அடித்துவிடுவாய். அனுப்ப வேண்டிய முகவரியை எல்லாம் முடிந்தபிறகு கடைசியில் போடு. அரைகுறையாகக் கை தவறிப் போகாது.

இவை என் கணவரின் பழக்கங்கள். பள்ளிக்கூட ஆய்வகங்களுக்குக் குடுவை, சோதனைக் குழாய், முப்பட்டகம் எல்லாம் நாங்கள் அனுப்புவது உனக்குத் தெரியும். கணக்கும் சரக்கும் என் பொறுப்பு. மெயில் முழுக்க அவர் பொறுப்பு. விலையை எழுதிவிட்டுக் கடைசி வரியில், உங்கள் ஊரில் மழை உண்டா என்று கேட்பார். கடை இருக்கும் கச்சேரி சாலையை விட்டு எங்கும் போகாத மனிதருக்குத் தமிழ்நாட்டின் வானிலையெல்லாம் கடைக்கே வந்து சேர்ந்தது.

கொரோனா காலத்தில் அவர் இறந்துபோனபோது விமானங்கள் பறக்கவில்லை. நீ போனில் அழுதாய். உன்னிடம்கூட நான் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நாலு மாதம் கழித்துப் பள்ளிகள் திறந்தன, நானும் கடையைத் திறந்தேன். காரைக்குடியிலிருந்து ஒரு வேதியியல் ஆசிரியர் ஆர்டர் அனுப்பிவிட்டு, முழங்கால் வலி எப்படி இருக்கிறது கதிரேசன் சார் என்று கேட்டிருந்தார். விலையை எழுதினேன். கீழே, 'கொஞ்சம் தேவலை' என்று எழுதி, என் கணவர் பெயரையே போட்டு அனுப்பிவிட்டேன். அந்த ஒரு மெயிலுக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன்.

இப்போது மெயில்களில் அவருடைய முழங்கால் முழுக்கக் குணமாகிவிட்டது. காலையில் பட்டினப்பாக்கம் கடற்கரை வரை நடக்கிறார். காபிக்குச் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை.

பத்து மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடியில் பட்ட வெயில் எங்கள் அலமாரிக்குள் இறங்கும். நூற்றுக்கணக்கான குடுவைகள், ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு சின்ன வெளிச்சம். காற்றில் ஜன்னல் கதவு அசைந்தால் கடையே தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் ஆடும். அந்த நேரத்தில்தான் மெயில்களைத் திறப்பேன். ஊட்டியில் மூடுபனி. தூத்துக்குடியில் வெறும் காற்று. காரைக்குடியில் நேற்றிலிருந்து தூறல், சார். பதில் எழுத உட்கார்ந்தால் என் வாக்கியங்கள் தாமாகவே அவருடையவை போலக் குட்டையாகிவிடும். எழுதும் கை யாருடையது என்பது சில காலைகளில் எனக்கே நிச்சயமில்லை, கைசர். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு அவசரமும் இருக்கவில்லை.

ஆனால் கண்ணில் புரை விழுந்துகொண்டிருக்கிறது. ஜூலையில் பிப்பெட் கேட்ட பள்ளிக்கு இருநூறு பியூரெட் அனுப்பிவிட்டேன். இருபத்திரண்டு வருடமாகப் பேக்கிங் செய்யும் ஷாஹுல் ஹமீது, சரிதானா என்று இரண்டு தடவை கேட்டார். சொன்னதைக் கட்டுங்கள் என்று அதட்டினேன். சரக்கு திரும்பி வந்த அன்று தெரிந்துவிட்டது, ஆள் எடுக்க வேண்டும், இல்லையென்றால் கடையை மூட வேண்டும்.

ஆகவே ஆள் எடுப்பது பற்றி நான் சொல்வது பழைய சரக்கு அல்ல, இந்த மாதத்துச் சரக்கு. விளம்பரத்தில் வேலை நேரம், சம்பளம், விடுமுறை மூன்றையும் எழுதிவிடு. வந்து கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று இருக்காதே. விண்ணப்பித்த எல்லாருக்கும் பதில் போடு, வேண்டாம் என்பவர்களுக்கும். அரை நாள் வேலை கொடுத்துப் பார், அதற்குக் கூலியும் கொடு. பழைய முதலாளியைப் போனில் பிடித்தால் ஒரே கேள்வி போதும்: மறுபடி வந்தால் எடுத்துக்கொள்வீர்களா?

பன்னிரண்டு பேர் எழுதினார்கள். எல்லாருக்கும் வழக்கம்போல அவர் பெயரில்தான் பதில் போனது. ஒருத்தியைத் தவிர யாரும் தேறவில்லை. மேற்கு மாம்பலத்து ஸ்வர்ணலதா, நாற்பது வயது, ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்தவள். மூன்று வாரம் மெயில் போய் வந்தது. போன புதன்கிழமை நேரில் வந்தாள். குடுவைகளை வைக்கோல் வைத்துக் கட்டச் சொன்னேன். விரிசல் விட்ட ஒன்றை, யாரும் சொல்லாமலே ஒதுக்கி வைத்தாள். எனக்கு அதுவே போதும். சேர்ந்துவிடுங்கள் என்றேன்.

"சாரைப் பார்த்துட்டுத்தான் சேருவேன், மேடம். தப்பா நினைக்காதீங்க. போன இடத்துல முதலாளி மூஞ்சியே பார்க்காம எட்டு மாசம் வேலை செஞ்சேன். ஒருநாள் போனா கதவுல பூட்டு."

வெளியே போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். சரி, இருக்கேன் என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே மழை. ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு குடையும் கடையைத் தாண்டும்போது அவள் நிமிர்ந்து பார்த்தாள். சொன்னால் நீ திட்டுவாய், நானும் பார்த்தேன். வந்துவிடுவார் என்றே இருந்தது.

ஷாஹுல் ஹமீது என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டார். எல்லாம் அறிந்தவர், இத்தனை வருடம் வாய் திறக்காதவர். "இன்னாம்மா," என்றார், "ஐயா இன்னும் எத்தினி வருசம் வெளியவே போய்க்கினு இருப்பாரு?"

திரும்பி வந்து அவளிடம் சொன்னேன். அவர் இறந்து நாலரை வருடம் ஆகிறது, உங்களுக்கு எழுதியதெல்லாம் நான். அவள் ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

"மாம்பலத்துல மழையான்னு கேட்டது?"

"நான்தான்."

"அதுக்கு ரெண்டு பக்கம் பதில் எழுதினேன், மேடம்."

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மெயில் வந்தது. சப்ஜெக்ட் வரியில், 'வேலையில் சேர்வது: ஒரு நிபந்தனை'. உள்ளே ஒரே விஷயம். சார் இல்லை என்பதை எல்லாப் பள்ளிகளுக்கும் சொல்லிவிட்டால் திங்கட்கிழமை சேருகிறாள். இல்லாதவர் பெயரில் அவள் எழுதமாட்டாள். திருத்துவதற்கு அதில் ஒரு எழுத்து இல்லை. இரண்டு நாள் அதையே குறையாகப் பிடித்துக்கொண்டு கோபப்பட்டேன்.

இப்படி ஒரு பொய்யை நாலரை வருடம் வளர்த்தவள் ஆலோசனை சொல்லலாமா என்று நீ கேட்கலாம். ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஆள் எடுக்கும்போது உன் கடையின் குறையை நீயே முதலில் சொல்லிவிடு. ஃபிசாவுக்கும் சொல்.

இன்று காலை அந்த மெயிலை எழுதி வைத்திருக்கிறேன். ஐந்து வரி. நூற்று நாற்பது பள்ளிகள், ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாமல் போகும்படி. வாய்விட்டுப் படித்தேன், நான்காவது வரியில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து படித்தேன். எழுத்துப் பிழை எதுவும் இல்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு அனுப்புகிறேன். ஸ்வர்ணலதா பக்கத்தில் இருப்பாள், தள்ளிப்போட முடியாது.

இதை மட்டும் அவருடைய மெயில் பெட்டியிலிருந்து எழுத மனம் வரவில்லை. நாளைவரை அது அவருடையது. அதனால்தான் தாள்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அந்த மெயில் உனக்கும் வந்திருக்கும், உன்னையும் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். நூற்று நாற்பது பள்ளிகளிலிருந்தும் இரங்கல் வரும், சரி சரி என்று வாங்கி வைப்பேன். அவை அவருக்கு வருபவை. ஒரு வாரத்தில் நின்றுவிடும். பிறகு வருவது ஆர்டர் மட்டும்தான். நீ இரங்கல் எழுதாதே, கைசர். மேலே என் பெயரைப் போட்டு, நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டு ஒரு மெயில் எழுது. சப்ஜெக்ட் வரியை வெறுமையாக விட்டாலும் பரவாயில்லை. பதில் உண்மையாக இருக்கும், கொஞ்சம் நீளமாகவும் இருக்கும்.

உங்கள் கடைக்குள் முதலில் நுழையும் பெண் மனம் நிறைந்து திரும்பட்டும். அல்லா உங்கள் இருவரையும் நல்லபடி வைக்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
காவேரி