அலுமாரிக்குள் பூட்டிய கயிறு

14 ஆனி 1959, ஞாயிறு

இன்று பூசைக்குப் போனேன். உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

ஐயாவுக்கு, என் தகப்பனுக்கு, நடுக்குவாதம். அவருடைய கால் வெறும் தரையில் எழும்பாது. ஆணி அடித்தது போல நிற்பார். குறுக்கே ஏதாவது கிடந்தால் மட்டும் அதைத் தாண்டி அடி வைப்பார். அதனால் அவருடைய பழைய கரைவலைக் கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டி, கட்டிலிலிருந்து வாசல் வரைக்கும் அடிக்கொன்றாகப் போட்டிருக்கிறேன்.

காலையில் அவர் அயர்ந்து தூங்கினார். துண்டுகளைப் பொறுக்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். தனியே நடந்து விழுந்துவிடக் கூடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. நான் வரும் வரைக்கும் அவர் நான் விட்ட இடத்திலேயே இருக்க வேண்டும் என்றுதான் பூட்டினேன்.

பூசை முடிந்ததும் வந்திருக்கலாம். கோயில் வாசலில் நின்று அரைமணி நேரம் கதைத்தேன். என்ன கதைத்தேன் என்று இப்போது நினைவில்லை.

வீட்டுக்கு வந்தால் ஐயாவின் தங்கை, என் மாமி, உள்ளே நிற்கிறார். ஐயா கட்டிலருகே நின்றபடி இருக்கிறார். உடுத்திருந்த சாரம் நனைந்திருந்தது. எவ்வளவு நேரம் நின்றாரோ.

"கயிறெல்லாம் எங்க? ஆர் எடுத்தது?" மாமி என்னைத்தான் பார்த்தார்.

ஐயாவின் முகத்தில் இப்போதெல்லாம் கோபமும் தெரியாது, சிரிப்பும் தெரியாது. குரல் மட்டும் மெல்ல வந்தது.

"நான்தான் எடுக்கச் சொன்னனான். காலில தடக்குது."

மாமி நம்பிவிட்டார்.

சாரத்தை மாற்றினேன். கயிறுகளைத் திரும்பப் போட்டேன். ஐயா என்னை ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் அடுத்த ஞாயிறும் என்னால் போக முடிந்திருக்கும்.