சம்பந்தியம்மாவின் வெப்சைட்டும் நான் வாங்கிய இடமும்

அன்புள்ள மகனுக்கு,

உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நம் கடை வெப்சைட்டுக்கு ஹோஸ்டிங் வாங்கிவிட்டேன். வாங்கியதில் ஒரு தப்பும் செய்தேன், அதைத் திருத்தியும் விட்டேன். இதைத் தெரிந்துகொண்டு மற்றதைப் படி. இங்கே நான் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, வாய் வழக்கம்போல் நன்றாகவே ஓடுகிறது. நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய். இது ஸ்பீக்கரில் போடுகிற விஷயம் இல்லை.

ஒன்றரை மாதத்துக்கு முன்பு குட்டை டெய்லர் எலாஸ்டிக் வாங்க வந்தார். கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஃபோனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "அக்கா, உங்க சம்பந்தியம்மா கடையைப் பார்த்தீங்களா, ஜம்முனு இருக்கு" என்றார். பார்த்தேன். திரைச்சீலைகள் காற்றில் ஆடுகிற மாதிரி படம், துணிக்குத் துணி விலை, ஜன்னல் அளவை எழுதி அனுப்ப ஒரு கட்டம். அடியில் பொடி எழுத்தில், இதை உருவாக்கியவர் எங்கள் மாப்பிள்ளை என்று ஒரு வரி. டெய்லர் அத்தோடு விட்டாரா, "நம்ம பட்டன் கடை எதுலக்கா வருது, தேடித் தேடிப் பார்க்கிறேன்" என்று வேறு கேட்டார். வந்துகொண்டே இருக்கிறது என்று சொல்லிவிட்டு எலாஸ்டிக்கை அளந்தேன். பத்து மீட்டர் கேட்டவருக்கு ஒன்பது மீட்டர் வெட்டியிருக்கிறேன். மறுநாள் அவர் வந்து, "அக்கா, நீங்களா இப்படி" என்று கேட்டபோது தலை குனிந்து, குறைந்த ஒரு மீட்டருக்கு இரண்டு மீட்டராக வெட்டிக் கொடுத்தேன். இருபத்தாறு வருஷத்தில் என் கை அளவு தப்பியது அன்று ஒரு நாள்தான்.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து உன்னை ஏமாற்ற மாட்டேன். நாலு வருஷத்துக்கு முன்பு நீயே கேட்டாய், கடைக்கு ஒரு வெப்சைட் போடட்டுமாம்மா என்று. பட்டனைத் தொட்டுப் பார்க்காமல் எவன்டா வாங்குவான், போய் வேலையைப் பார் என்று விரட்டினவள் நான்தான். அதெல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நீ போய்விடுவதும், சம்பந்தியம்மா வேண்டும் என்றால் உட்கார்ந்து செய்து கொடுப்பதும் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கடை பத்து மாதமாக ஓடுகிறது, ஒரு நாள் கூட உன் வாயிலிருந்து வரவில்லையே. வாரத்துக்கு ஒரு தடவை என்னோடு பேசுகிறாய், ஆறு நிமிஷம், சாப்பிட்டாயா தூங்கினாயா என்பதோடு முடிந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் அவர் கடைக்கு ஒதுக்குகிறாயாம். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று இறங்கினேன். வெப்சைட் வைக்க வாடகைக்கு இடம் தருகிற கம்பெனிகள்தான் ஹோஸ்டிங் கம்பெனிகள் என்று அப்பா ஃபோனில் தேடிப் படித்துக் காட்டினார், மூன்றின் நம்பரையும் எழுதிக் கொடுத்தார். புது சப்ளையருக்கு முதல் ஆர்டர் கொடுக்கும் முன்பு நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும், வாங்காத சரக்கைப் பற்றிப் புகார் சொல்லிப் பார்ப்பேன். புகாருக்கு எப்படிப் பதில் சொல்கிறான் என்பதில் கடையின் யோக்கியதை முழுக்கத் தெரிந்துவிடும். இங்கேயும் அதையே செய்தேன். மூன்று பேருக்கும் கடை சாத்துகிற நேரத்தில் ஃபோன் போட்டு, எங்கள் வெப்சைட் காலையிலிருந்து திறக்கவில்லை, வியாபாரம் படுத்துவிட்டது என்று சத்தம் போட்டேன். முதல் கம்பெனிக்காரர் பேர் கூடக் கேட்கவில்லை, "ரெண்டு நிமிஷம் மேடம்" என்று போனார், திரும்பி வந்து, "சரி பண்ணியாச்சு மேடம், இப்ப பாருங்க, சூப்பரா திறக்கும்" என்றார். இல்லாத வெப்சைட்டைச் சரி பண்ணிவிட்டார்! அப்பா சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்துவிட்டது. அவரிடமே, மாதம் தொண்ணூறு ரூபாய் என்று போட்டிருக்கிறீர்களே, இரண்டாம் வருஷம் எவ்வளவு என்று கேட்டேன். இழுத்து இழுத்து இருநூற்று எழுபது என்றார். இரண்டாவது கம்பெனியில் மனுஷக் குரலே கிடையாது, ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்று பாட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். மூன்றாவதில் ஒரு பெண் எடுத்தாள், கடைப் பெயரைக் கேட்டாள், தேடினாள், "அம்மா, இந்தப் பேர்ல எங்ககிட்ட சைட்டே இல்லியே, வேற யாருகிட்டயாவது வாங்கியிருக்கீங்களா, நல்லா பாருங்க" என்றாள். அந்தப் பெண்ணைக் கடைக்குக் கூட்டிவந்து கல்லாவில் உட்கார வைக்கலாம் போலிருந்தது.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று அவள் கேட்டாள், ஐம்பது அறுபது பேர் என்றேன். "அப்ப சின்ன பிளானே தாராளம்மா" என்றாள். விற்கிறவளே சின்னது போதும் என்கிறாள், வாங்குகிற எனக்குத்தான் கேடு. சம்பந்தியம்மா கடைப் பெயரைச் சொல்லி, அவர்கள் உங்களிடமா இருக்கிறார்கள், எந்த பிளான் என்று கேட்டேன். "யாரு எங்க கஸ்டமர்னு வெளியில சொல்ல மாட்டோம்மா" என்று மரியாதையாக மறுத்துவிட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இருப்பதிலேயே பெரியது எதுவோ அதைக் கொடு, மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கொடு என்று சொல்லிப் பணத்தையும் கட்டிவிட்டேன். அரை டஜன் ஊக்கு கேட்டால் அரை டஜன்தான் கொடுப்பேன், ஆசைக்கு வாங்காதே என்று ஊருக்கே சொல்கிறவள் நான். முழு சர்வரும் எனக்கே எனக்காம், அதில் வைக்க ஒரு பக்கம் கூடக் கிடையாது. அப்பா சொன்னார், "பத்து மாடி கட்டடத்தை வாடகைக்கு எடுத்து ஒரு பட்டன் டப்பாவை வச்சிருக்கே, அந்த டப்பாவும் இன்னும் வரலை" என்று.

போன வாரம் சம்பந்தியம்மா கடைக்குப் போனேன். திரைச்சீலை வளையம் கொடுக்கத்தான் போனேன் என்று சொன்னால் நீ நம்ப வேண்டாம், பெருமை அடித்துக்கொள்ளத்தான் போனேன். எங்களுடையது தனி சர்வர் என்றேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. துணி மடித்துக்கொண்டே, "எங்களுக்கு எதுக்கு சம்பந்தியம்மா அவ்வளவு பெரிசு, சின்னதுதான். அதுலயே ரெண்டு சைட்டு வைக்கலாமாம். ஒரு இடத்தை மாப்பிள்ளை காலியாவே விட்டு வச்சிருக்காரு. எங்கம்மா மனசு மாறி என்னிக்குக் கேட்டாலும் வேணும்னாரு" என்றார். கண்ணைத் துடைக்க முந்தானையைத் தேடினேன், துடைப்பதற்குள் வயிறு எரிந்தது. எனக்கு இடம் வைத்திருக்கிறாய், சந்தோஷம், ஆனால் அதை அவர் வீட்டுக்குள்ளேயா வைப்பாய்? பில் அவர் பெயரில், சாவி அவர் கையில், நான் அவருக்குக் குடித்தனக்காரியா? எந்தக் கம்பெனி என்று கேட்டேன். அந்த முதல் கம்பெனிதான், இல்லாததைச் சரி பண்ணினவர்கள். இரண்டு மாதத்தில் வருஷம் முடிகிறது, மூன்று மடங்கு கேட்பார்கள் என்றேன். அவர் நம்பவில்லை, ஃபோன் போட்டார், அதையேதான் சொன்னார்கள். "மாப்பிள்ளை சொல்லவே இல்லியே" என்று அந்த அம்மா முகம் வாடியது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, மறைக்கவில்லை. ஆனால் அவர் அந்தத் துணியையே மூன்றாம் தடவையாகப் பிரித்து மடிப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவரும் தனி ஆளாகக் கடை நடத்துகிறவர்தானே.

உனக்கு ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. நீ வேகம் பார்த்தாய், இடம் பார்த்தாய், இரண்டாம் வருஷ விலையைப் பார்க்கவில்லை, ஃபோனை யார் எடுப்பார்கள் என்று பார்க்கவில்லை. உன் அம்மாவைக் கேட்டிருந்தால் அரை மணியில் சொல்லியிருப்பேன். அடுத்த தடவை கேள்.

அங்கிருந்தே அந்தப் பெண்ணுக்கு ஃபோன் செய்தேன். முப்பது நாளைக்குள் திருப்பித் தரலாம் என்று விதி இருக்கிறது, அன்றைக்கு இருபத்தாறாம் நாள். "முதல்லயே சொன்னேனேம்மா" என்று சிரித்தாள், பெரியதை எடுத்துக்கொண்டு, இரண்டு சைட் வைக்கிற சின்னதைக் கொடுத்தாள், மிச்சப் பணம் நேற்று வந்து சேர்ந்தது. கழுத்து வலிக்கிறது என்றாயே, நாற்காலியை மாற்று, தள்ளிப் போடாதே. மருமகளுக்கு என் ஆசீர்வாதம், அவள் அம்மா மேல் எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல், முழுப் பொய்யும் இல்லை. இருவரும் நோய்நொடி இல்லாமல், கையில் எடுத்த வேலை கூடிவர நன்றாக இருங்கள்.

பேசி முடித்தது இதுதான். மாதம் நூற்று அறுபது சொன்னதை நூற்று ஐம்பதாகக் குறைத்திருக்கிறேன், ஒரு வருஷத்துக்கு ஆயிரத்து எண்ணூறு, இரண்டாம் வருஷமும் அதே விலை, எழுத்தில் வாங்கியாகிவிட்டது. சைட்டுக்குத் தினமும் ஒரு நகல் எடுத்து வைப்பார்கள். கணக்கும் வெப்சைட் முகவரியும் என் பெயரில். அந்தக் கம்பெனியில் கட்டிய வருஷம் முடிந்ததும் சம்பந்தியம்மாவின் சைட் இங்கே வரும், ஆளுக்குத் தொள்ளாயிரம், அவர் ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தையும் பங்கு போட்டோம், அதற்கும் அவர் சரி என்றார். முதல் அரை மணி எனக்கு, அடுத்த அரை மணி அவருக்கு.

இப்படிக்கு,
உன் அம்மா