ஒன்பது பதினாலு இரண்டு தரம் வந்த நாள்

எண்களை ஒரு நிமிடம் சும்மா இருக்க விடாத என் அன்பு அப்பாவுக்கு,

மூன்று நாளாக எனக்கு இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தேத்தண்ணி ஊற்றிவிட்டுக் குடிக்க மறந்துபோகிறேன். பல்கனியில் நிற்கிறேன், தண்டவாளத்தில் கோச்சி போகிறது, உள்ளே வந்து உங்கள் மணிக்கூட்டைப் பார்க்கிறேன். எல்லாம் அதனால் வந்த வினை.

அதுதான் அப்பா, இந்த வெள்ளவத்தை வீட்டுக் கூடத்தில் நீங்கள் மாட்டிய சிவப்பு இலக்க மணிக்கூடு. சாப்பிடும்போது திடீரென்று கேட்பீர்களே, ஒரு நாளைக்கு அதில் எட்டு எத்தனை தரம் வரும் என்று. நான் விரல் மடக்கி முடிவதற்குள் நீங்களே சொல்லிவிடுவீர்கள். நிமிடத்தில் நூற்று நாற்பத்துநாலு, காலை எட்டும் இரவு எட்டுமாக மணியில் நூற்றிருபது, ஆக இருநூற்று அறுபத்துநாலு. ஏழுக்கும் ஒன்பதுக்கும் அதே கணக்கு. ஒன்று மட்டும் கிட்டத்தட்ட ஆயிரம் தரம் வரும். "முன்னுக்கு நிக்கிறவனுக்கு எப்பவும் பங்கு கூடத்தான்" என்று சொல்லிவிட்டுப் பருப்பைக் குழைப்பீர்கள்.

பிறகு மணி இலக்கத்தின் கீழ் இடப்பக்கக் கோடு ஒன்று எரியாமல் போனது. பத்தும் பன்னிரண்டும் நொண்டியாக நின்றன. ஆறு ஐந்தாகவும் எட்டு ஒன்பதாகவும் தெரிந்தன. வேறு யாரும் என்றால் கடைக்குக் கொண்டு ஓடியிருப்பார்கள். நீங்கள் திரும்ப எண்ணத் தொடங்கினீர்கள். எட்டுக்கு நூற்றிருபது நட்டம், ஒன்பதுக்கு நூற்றிருபது லாபம் என்று என்ன சந்தோசம் உங்களுக்கு!

அம்மாவுக்கு அதைவிடச் சந்தோசம். எட்டு சனியின் எண் என்று எட்டாம் திகதியில் ஒரு புதுச்சட்டை கூடப் போடாத மனுசி. மணிக்கூட்டைத் திருத்தக் கூடாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டா. நிமிடத்து எட்டு ஓடிப் போய்விடுமாம், மணி எட்டுத்தான் ஒரு மணித்தியாலம் நின்று சனியைக் கூப்பிடுமாம். நீங்களும் விட்டுவிட்டீர்கள். அவவோடு யார் கதைத்து வெல்லலாம்?

அந்த மணிக்கூட்டை வைத்துக்கொண்டுதான் என் பிள்ளை தர்ஷி பிறந்த நேரத்தைக் குறித்தீர்கள். பிள்ளை அழுத சத்தம் கேட்டதும் இவர் ஆஸ்பத்திரியில் இருந்து உங்களுக்குக் கோல் எடுத்தாராம். கையில் மணிக்கூடு இல்லாமல் ஓடிய மனுசன், "மாமா, நேரத்தைக் குறியுங்கோ" என்றாராம். போன் உங்கள் கையில். சுவரைப் பார்த்து நேரம் சொன்னது அம்மா. இரவு ஒன்பது பதினாலு. அதை வைத்தே சாதகம் எழுதியாயிற்று.

ஒன்பது பதினாலுக்குப் பிறந்தால் எட்டில் செவ்வாய், அப்பா. சுவரில் ஏறவிடாத எட்டு, பிள்ளையின் சாதகத்தில் சப்பாணி கட்டி இருந்துவிட்டது. நீங்கள் போன பிறகு இரண்டு சம்பந்தம் அதனாலேயே தட்டிப் போனது. இப்போது தர்ஷி தானே ஒரு பெடியனை விரும்பியிருக்கிறாள். கொட்டாஞ்சேனைப் பெடியன், அவளோடு வேலை செய்கிறவன். நல்ல பிள்ளை. ஆனால் தாய்க்காரி சாதகம் பார்த்துவிட்டு, எனக்கு இருக்கிறது ஒரே மகன் என்று அழுகிறா. எட்டில் செவ்வாய் என்றால் மாப்பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். ஆள் கெட்டவ இல்லை, பயந்தவ. தர்ஷியோ, சம்மதிக்காவிட்டால் நாங்களே போய்க் கலியாண எழுத்து முடிப்போம் என்கிறாள். ஒரு தாயை அழவிட்டு என் பிள்ளை அந்த வீட்டுக்குள் எப்படிப் போவாள்?

அப்போதுதான் எனக்கு மணிக்கூட்டில் எரியாத இந்தக் கோடு ஞாபகம் வந்தது. அம்மா கண்ட ஒன்பது, ஒன்பதா எட்டா? ஒரு மணித்தியாலம் முந்தினால் செவ்வாய் ஒன்பதாம் வீட்டுக்குப் போய்விடுமாம், தோசமே இல்லையாம். பிறந்த நேரம் எழுதிய ஆஸ்பத்திரித் துண்டை அப்போது யாரும் பார்க்கவில்லை, பிறகு வீடு மாறும்போது அது துலைந்துவிட்டது. இவருக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அம்மாவைக் கேட்டால், "நான் கண்டது ஒன்பது" என்ற ஒரே பேச்சு. உண்மைதானே, அவ கண்டது ஒன்பதுதான்.

நேற்றுப் பின்னேரம் தர்ஷி வேலையால் வந்தாள். நான் மணிக்கூட்டுக்கு முன்னால் கதிரை போட்டுக்கொண்டு இருக்கிறேன். அவளுக்குக் கதை முழுவதையும் சொன்னேன். சாதகத்தை ஒருநாளும் திறந்து பார்க்காதவள், கைப்பையைக் கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள்.

"அம்மா, அம்மப்பா என்ரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் எட்டு பதினாலுக்குத்தானே கோல் எடுக்கிறவர். நான் போனைப் பிடிச்சுக்கொண்டு நிப்பன். 'இப்பதான் பிறந்தனீ' எண்டு சொல்லுவார்."

இங்கே வருவதற்கு முன், களுபோவில வீட்டில் நாங்கள் இருந்த காலம் முழுக்க அந்தக் கோல் வந்தது. ஒன்பது மணிக்குள் நித்திரைக்குப் போகிற ஆள், அதனால்தான் முன்கூட்டியே எடுக்கிறார் என்று நாங்கள் சிரித்தோம்.

உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்குப் போனை வைத்துவிட்டு அந்தச் சுவரைப் பார்த்தபடியே இருந்திருப்பீர்கள். ஒரு மணித்தியாலம் கழித்து அதே ஒன்பது பதினாலு திரும்பவும் வந்திருக்கும். எண்ணுகிற உங்களுக்கு அது தப்புமா?

பிறகு ஏனப்பா வாயைத் திறக்கவில்லை? பேத்தி எட்டு மணிக்குப் பிறந்தவள் என்று தெரிந்தால் அம்மா நித்திரை கொள்ளமாட்டா என்றா? பிள்ளையை ஒரு மாதிரிப் பார்ப்பா என்றா? எனக்கு உங்களில் கோபம்தான். என் காதிலாவது ஒரு சொல் போட்டிருக்கலாம். போய்விட்ட மனுசனோடு எப்படிச் சண்டை பிடிக்கிறது?

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அம்மாவிடம் சொன்னேன். சத்தம் போடுவா என்றுதான் நினைத்தேன். மணிக்கூட்டை ஒருமுறை பார்த்தா. "அந்த மனுசன் என்னட்டை ஒரு சொல்லும் சொல்லேல்லையே" என்றா. நான் சோறு போட எழும்பினேன்.

"பிள்ளை, நாளைக்கு உந்த மணிக்கூட்டைத் திருத்தக் குடு" என்றா. "எட்டும் வரட்டும்."

வெள்ளிக்கிழமை புதுச் சாதகத்தோடு கொட்டாஞ்சேனைக்குப் போகிறோம். அம்மாவும் வருகிறாவாம், பிழை தன்னுடையது என்று தானே அந்தத் தாயிடம் சொல்லப்போகிறாவாம். அவ நம்புவாவோ தெரியாது.

ஆனால் ஒன்று அப்பா. வருகிற பிறந்தநாளுக்குத் தர்ஷி எந்த வீட்டில் இருந்தாலும், இரவு எட்டு பதினாலுக்கு அவளுடைய போன் அடிக்கும். நான் கோல் எடுப்பேன். நீங்கள் சொன்னதையே சொல்லுவேன்.

விரல் மடக்கி முடிப்பதற்குள் எப்போதும் தோற்றுப்போன,
உங்கள் மகள் சாந்தி