அக்காவின் நான்கு வரி

அன்பு மகள் பிரவீனாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் தங்கச்சி லோஷினியும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் ஊரில் வேளைக்குப் பசியாறி உடம்பு கெடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் சாமி மேடை முன்னால் எங்கள் வேண்டுதல். வாட்ஸ்அப் இருக்கும்போது அப்பாவுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். வாட்ஸ்அப்பில் லோஷினி பேரை எழுதினால் இரண்டு நீலக் கோடு வருகிறது, பதில் வருவதில்லை. போனில் அவள் பேரை எடுத்தால் உடனே உனக்கு வேலை வந்துவிடுகிறது, நியூசிலாந்தில் நீ கவனித்துக்கொள்ளும் வயதானவர்கள் எல்லாரும் சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் உன்னைக் கூப்பிடுகிறார்கள். காகிதத்தைப் போன் மாதிரி பாதியில் வெட்டிவிட முடியாது, கீழே வைத்தாலும் மேசைமேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள், குறைந்த சந்தோஷத்தில் அன்று மாலையே பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு பை நிறைய குவே பலகாரம் வாங்கி வந்துவிட்டாள், நான் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் எனக்குக் கிடைக்காது. என் பஸ் இப்போதும் தெப்ராவிலிருந்து செனாய் பேக்டரிக்குத்தான் ஆள் ஏற்றிப் போகிறது. பேக்டரியில் நம் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், ஏறுகிறவர்கள் முக்கால்வாசி நேபாளத்துப் பெண்கள். அதில் ஒரு பெண் போன வாரம் ஜன்னலோரம் உட்கார்ந்து உங்கள் பாலம் ஜாம் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, ராகம் மட்டும் அச்சாக இருந்தது. அது என் மகள்கள் பாடியது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் இப்போது எங்கே என்று கேட்பாள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிச் சந்தை மேடையில் லோஷினி பாடிய வீடியோவை யாரோ உனக்கு அனுப்பிவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு நீ அம்மாவுக்கு ஒரு வரி அனுப்பியிருந்தாய், எல்லாத்துக்கும் டிராக் இருந்துச்சே, அன்னிக்கு மட்டும் எங்க போச்சாம் என்று. அம்மா அதைத் தங்கச்சி கண்ணில் படுவதற்குள் அழித்துவிட்டு, அடுப்படியில் போய் நின்றுகொண்டாள், அரைமணி நேரம் அடுப்பே பற்றவைக்கவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால் நீ கேட்டது நியாயமான கேள்விதான், அதற்குப் பதில் தெரிந்தவர்களில் உன்னோடு பேச்சுவார்த்தை இருப்பவன் நான் ஒருவன்தான். நான் எழுதுவது லோஷினிக்குத் தெரியாது, தெரிந்தால் நான் தொலைந்தேன்.

உனக்குத் தெரிந்த கதையையே முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று அலுத்துக்கொள்ளாதே, எனக்கு அப்படித்தான் எழுத வரும். ஊசி மிளகா என்று நீங்கள் மூன்று பேரும் பேர் வைத்துக்கொண்டு வந்து நின்றபோது, பாட்டுக் கோஷ்டியா சம்பல் கடையா என்று நான் கேட்டேன், நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அம்மா சிவப்பு உடையும் பச்சைத் தொப்பியும் தைத்துக் கொடுத்தாள். வீட்டில் இடமில்லாமல் என் பஸ்ஸுக்குள் நடுவில் இருக்கிற சந்தில் ஆடிப் பழகினீர்கள், முன்னால் லோஷினி, நடுவில் நீ, பின்னால் அடுத்த வரிசை வீட்டு யுகேஸ்வரி. அதனால் எந்த மேடை ஏறினாலும், அது எவ்வளவு அகலமாக இருந்தாலும், மூன்று பேரும் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, முழங்கை வெளியே போகாமல்தான் ஆடுவீர்கள். ஜனங்கள் அதைப் புது ஸ்டைல் என்று கைதட்டினார்கள். சீட்டில் இடித்துக்கொள்ளாமல் ஆடிய ஆட்டம் அது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். உங்களுக்கு இசை போட்ட ரூபேந்திரன் ஸ்கூடாயில் தன் அறைச் சுவரில் சத்தம் வெளியே போகாமல் முட்டை அட்டைகளை ஒட்டிவைத்துக்கொண்டு மூன்று பாட்டு போட்டுக் கொடுத்தான், இரண்டை அவன் அம்மாகூடக் கேட்கவில்லை, மூன்றாவது பாலம் ஜாம். சிங்கப்பூருக்குப் போய் வருகிற பிள்ளைகள் அத்தனை பேரும் பாலத்து நெரிசலில் மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது அதைத்தான் போட்டார்கள். கல்யாண விருந்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் அதற்கு ஆடிக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். எல்லாம் ஒன்றரை வருஷம் இருக்குமா, அவ்வளவுதான், கனவு மாதிரி முடிந்துவிட்டது.

அந்தப் பாட்டில் நடுவே கொட்டு எல்லாம் நின்று நீ மட்டும் நான்கு வரி பாடுவாய். வீட்டுக்கு வர வழி தெரியும், பாலந்தான் விடல என்று நீ ஆரம்பிக்கும்போது, விருந்தில் கோழியைக் கடித்துக்கொண்டிருப்பவன்கூட வாயை நிறுத்திவிடுவான். நான் பெற்றவன் என்பதற்காகச் சொல்லவில்லை, பார்த்திருக்கிறேன்.

கெலாங் பாத்தா டேவான் மண்டபத்தில் நடந்த அந்தக் கல்யாண விருந்துக்கு வருகிறேன். அந்த வாரம் முழுவதும் உங்களுக்கு நிகழ்ச்சி, உனக்குக் காய்ச்சல், தொண்டை கட்டியிருந்தது. முடியாதுடி என்று நீ சொன்னாய், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கக்கா என்று லோஷினி சொன்னாள், இரண்டும் என் காதில் விழுந்தது. மேடையில் உன் நான்கு வரி வந்தபோது முதல் வார்த்தையிலேயே குரல் உடைந்தது. லோஷினி ரூபேந்திரனைப் பார்த்துக் கையைத் தூக்கிச் சைகை காட்டினாள், அவன் பட்டனைத் தட்டினான், ஸ்பீக்கரில் உன் பதிவுக் குரல், நீங்கள் டிராக் என்கிறீர்களே, அது வந்துவிட்டது. நீ வாயைத் திறந்தபடி நின்றாய், உன் குரல் உன்னை விட்டுவிட்டுத் தனியாகப் பாடியது. நான்கு வரி முடிவதற்குள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டாய். அக்கா மானத்தைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று அவள் அன்றும் சொன்னாள் இன்றும் சொல்கிறாள். எனக்கும் அப்போது அதில் என்ன தப்பு என்று புரியவில்லை, ஏனென்றால் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்குக்கூட எதுவும் தெரியவில்லை. நீ பாடவில்லை என்பது யாருக்கும் தெரியாமல் போனதுதான் உனக்கு வலித்தது என்று அம்மா வெகுநாள் கழித்து எனக்கு விளக்கினாள். அதற்குள் நீ விமானம் ஏறிவிட்டாய், யுகேஸ்வரி கல்யாணமாகி ஈப்போ போய்விட்டாள், தொப்பிகள் மூன்றும் அலமாரிக்கு மேலே பையில் கிடந்தன.

இந்த வருஷம் சந்தைக் கமிட்டித் தலைவர் செல்லப்பன் வீட்டுக்கே வந்து, பழைய பாட்டை ஒரு தடவை பாடினால் போதும் என்று கெஞ்சினார். யுகேஸ்வரியும் கைக்குழந்தையோடு வந்துவிட்டாள். அந்த வாரம் ரூபேந்திரன் நம் வீட்டில் உட்கார்ந்து பாட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு ராஜம்மா உன் குரலைக் கேட்டுவிட்டு, பிரவீனா வந்துட்டாளா, சொல்லவே இல்ல என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரேடியோதான் என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்குத்தான் லோஷினி அவனிடம், அக்கா வாய்ஸ எடுத்துரு, அந்த நாலு வரியும் காலியா இருக்கட்டும் என்றாள். அலமாக், சவுண்டு போச்சுன்னு கத்துவாங்க லா என்றான் அவன். கத்தட்டும் என்றாள். நான் குறுக்கே புகுந்து, நீயே பாடிவிடேன் என்றேன். அது என் எடம் இல்லப்பா, அக்காகிட்ட கேக்காம அவ குரல இன்னொரு தடவ எடுக்க மாட்டேன் என்றாள். உன்னைக் கேட்கத்தான் அந்த வாரம் நான் அத்தனை மெசேஜ் அனுப்பினேன், நீலக் கோடு வந்த மெசேஜ்கள் அவைதான். அக்கா என்ன சொன்னா என்று தினமும் வேலை விட்டு வந்ததும் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் கேட்பாள், யோசிக்கிறாளாம் என்று நான் சொல்வேன். வேறு என்ன சொல்ல?

மேடையில் நடந்ததை நீ வீடியோவில் பார்த்தாய், ஆனால் வீடியோ எடுத்தவன் கூட்டத்தின் நடுவில் நின்றான், நான் ரூபேந்திரன் பக்கத்தில் நின்றேன். லோஷினியும் யுகேஸ்வரியும் நடுவில் உன் இடத்தை விட்டுவிட்டுத்தான் ஆடினார்கள். கொட்டு நின்றது, ஒரு சத்தமும் இல்லை. லோஷினி மைக்கைத் தாழ்த்திக்கொண்டு அசையாமல் நின்றாள். கூட்டத்தில் ஒருவன் சவுண்டு அவுட்டு என்று கத்தினான், பின்னால் விசில், சிரிப்பு. செல்லப்பன் எங்களிடம் ஓடி வந்து, மானத்த வாங்குறீங்களே, எதையாச்சும் போடுங்கப்பா என்று பதறினார். ரூபேந்திரன் பயந்துபோய், எதற்கும் இருக்கட்டும் என்று உன் குரலைத் தனியாக வைத்திருந்த பட்டன் மேல் விரலை வைத்துவிட்டு மேடையைப் பார்த்தான். லோஷினி அவனைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவ்வளவு கூச்சலிலும் கண்ணை எடுக்காமல் ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவன் விரலை எடுத்துவிட்டான். அந்த நான்கு வரி முடிய அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். அம்மா முன் வரிசையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் மேடையேறி என் பிள்ளை பக்கத்தில் போய் நின்றிருக்கலாம், போகவில்லை. கொட்டு திரும்ப வந்ததும் மீதியை ஆடி முடித்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினாள். ஊசி மிளகா ஊத்திக்கிச்சு என்று பேர் போட்டு அந்த வீடியோவை ஊரெல்லாம் பார்க்கிறது, வேலை இடத்தில்கூடக் கிண்டல் பண்ணுகிறார்களாம், அவள் வாயைத் திறப்பதில்லை. டிராக் எங்கே போனது என்று கேட்டாயே, அது எங்கேயும் போகவில்லை பிரவீனா, ரூபேந்திரன் விரலுக்கடியில்தான் இருந்தது.

நீ செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை, அவள் செய்தது சரி என்றும் சொல்ல வரவில்லை. உன்னைக் கேட்டால் உன் பக்கம் நியாயம் தெரிகிறது, அவளைக் கேட்டால் அவள் பக்கம் தெரிகிறது, நடுவில் நான் திருதிருவென்று விழிக்கிறேன். ஒரு பஸ் நிறைய யார் யாரோ பெற்ற பிள்ளைகளைத் தினமும் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன், நான் பெற்ற இரண்டு பேரை ஒரு வார்த்தை பேச வைக்க என்னால் முடியவில்லை. சின்னதாக இருந்தபோது சண்டை போட்டால் ஆளுக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து முடித்துவிடுவேன், இப்போது எதை வாங்கிக் கொடுப்பது?

இன்னும் ஒன்றே ஒன்று. சந்தையிலிருந்து திரும்பும்போது லோஷினி என் பஸ்ஸில் பின்னால் போய்க் கடைசி வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கெலாங் பாத்தாவிலிருந்து வரும்போது நீ உட்கார்ந்து வந்த இடம். வீட்டு வாசலில் எல்லாரும் இறங்கிய பிறகு என் பக்கத்தில் வந்து நின்று, அன்னிக்கு அக்கா அங்க உக்காந்து அழுதாளாப்பா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது பிரவீனா. நீ பின்னால் போய் உட்கார்ந்ததும், பெற்றவன் பார்க்கிறான் என்று நீ அடக்கிக்கொள்ளக் கூடாது என்று நினைத்து, நான்தான் என் தலைக்கு மேல் பின்னால் பார்க்க இருந்த கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேனே. அதையே அவளிடமும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

அம்மா கொடுத்த கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொள், பெட்டியில் பூட்டி வைக்காதே. ராத்திரி வேலைக்குப் போகும் நாளில் வெறும் கோப்பியோடு நிறுத்திக்கொள்ளாதே. மாரியம்மன் துணையால் நீ நினைத்தது எல்லாம் நடந்து நிறைவாக இருக்க வேண்டும் என்று இருவரும் மனசார வாழ்த்துகிறோம். எனக்குப் பதில் எழுத வேண்டாம். உன் தங்கச்சி கேட்டதற்கு மட்டும், ஆமாம் என்றோ இல்லை என்றோ, அவளிடமே சொல்லிவிடு. அவள் நம்பர் மாறவில்லை.

இப்படிக்கு,
உன்மேல் உயிரையே வைத்திருக்கும் அப்பா,
கனகராஜ்
தெப்ராவ், ஜொகூர்