கழற்றிய பிறகு வந்த கிறுகிறுப்பு

மெய்நிகர் உலகம் காட்டும் கருவியை இன்று காலை தலையிலிருந்து கழற்றியபோது, வியர்வையும் சூடான பஞ்சும் கலந்த அதே பழைய வாடை வந்தது. முப்பது வருடமாகியும் அது மட்டும் மாறவில்லையடி.

நாளை புத்தூரில் ஒரு மருத்துவமனையில், பக்கவாதத்தால் நடை தடுமாறுகிறவர்களுக்கு இதை மாட்டப் போகிறோம். உட்கார்ந்த இடத்திலேயே, கருவிக்குள் தெரியும் சித்திரை வீதியில் நடந்து பழகுவார்கள். நான் ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்து, 'தொந்தரவு இல்லை' என்று இன்று நாலு மணிக்குள் கையெழுத்துப் போட்டால்தான் தொடங்க முடியும்.

அன்று கல்லூரி ஆய்வகத்தில் நீயும் நானும் செய்தது பைக் ஹெல்மெட்டுக்குள் இரண்டு குட்டித் திரைகள். கழுத்து ஒடியும் கனம். வெளிநாட்டில் முதலில் செய்தவர்களே கூரையிலிருந்துதான் தொங்கவிட்டார்கள் என்று படித்துவிட்டு, நாமும் மின்விசிறியைக் கழற்றி அந்தக் கொக்கியில் கட்டினோம். திருச்சி வெயிலில் விசிறியை விட்டுக்கொடுத்த ஆராய்ச்சியாளர்கள் நாம் இருவராகத்தான் இருப்போம். உள்ளே தெரிந்தது வெறும் கோடுகளாலான ஓர் அறை. நீ திரும்பினால் அது கொஞ்சம் பிந்தித் திரும்பும். "தல முன்னால போகுது, ரூம் பின்னால வருதுடி" என்று சிரிப்பாய். "ஒருநாள் இத மூக்குக் கண்ணாடி மாதிரி போட்டுக்குவாங்க பாரு" என்பாய்.

துறைக்குப் பார்வையாளர்கள் வந்த அன்று நீதான் ஒரு மணி நேரம் போட்டுக் காட்டினாய். "கொஞ்சம் கிறுகிறுன்னு இருக்கு" என்றாய். நான் மோந்து பார்க்க எலுமிச்சம்பழம் கொடுத்துவிட்டு, குறிப்பேட்டில் 'தொந்தரவு இல்லை' என்று எழுதினேன். பொய் என்று தெரிந்தேதான் எழுதினேன். சாயங்காலம் ஸ்ரீரங்கத்துக்கு மொபெட்டில் திரும்பும்போது காவிரிப் பாலத்தில் விழுந்தாய். பின்னால் வந்த பஸ் ஒரு முழம் தள்ளி நின்றது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. வீட்டில் "மணல் சறுக்கிடுச்சு" என்று சமாளித்தாய். என்னிடம் மட்டும், "போட்டிருக்கறப்ப இல்லடி, கழட்டினப்புறம்தான் பாக்கணும்" என்றாய். நான் குறிப்பேட்டைத் திருத்தவில்லை. போன வருடம் கண்மூடும்வரை நீயும் அதைக் கேட்கவில்லை. நீ கேட்காததுதான் என்னை அறுக்கிறது.

இன்று கழற்றியபோது எனக்கு ஒன்றுமில்லை. படம் பிசகாமல் தலையோடு திரும்பியது. மூன்று மணி நேரம் கழித்து மாடிப்படி இறங்கும்போது படி நகர்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. நாளை போடுகிறவர்கள் எடமலைப்பட்டி புதூருக்கும் கே.கே. நகருக்கும் ஆட்டோவில் போய் வீட்டுப் படி ஏறுவார்கள். இன்னும் சில வருடத்தில் கருவி அவர்கள் வீட்டுக்கே வந்துவிடும். அப்போது பக்கத்தில் பிடிக்க ஆள்கூட இருக்காது.

மூன்றே முக்காலுக்குப் பொறியாளர் படிவத்தோடு வந்தார். "கையெழுத்து மட்டும்தான் மேடம். பேஷண்ட் எல்லாருக்கும் சொல்லியாச்சு."

பயமாகத்தான் இருந்தது. 'கழற்றி மூன்று மணி நேரம் கழித்துத் தலைசுற்றல். நாளை வேண்டாம்' என்று எழுதினேன்.

அவர் முகம் கறுத்துவிட்டது. "ஒருத்தருக்கு வந்ததுக்கா மேடம் நிறுத்துவாங்க?"

"ரெண்டு பேருக்குங்க" என்று சொல்லி, படிவத்தைத் திரும்ப வாங்கி உன் பெயரையும் எழுதினேன்.